அந்தச் சின்ன மஞ்ச மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நாலஞ்சு வருஷமா நீங்க எழுதுறத படிச்சுட்டு வர்றேன். சொந்த ஊரு கடலூர், மஞ்சக்குப்பம். வேலை ஒரகடத்துல. அம்மா மட்டும் ஊர்ல இருக்காங்க, வயசு 71, பிரஷர் சுகர் ரெண்டும் இருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு அக்கா வீட்டுக்கே வந்து மாத்திரை குடுத்துட்டுப் போறாங்க. அது போக பாண்டிச்சேரில ஒரு பிரைவேட் டாக்டர்கிட்டயும் காட்றோம், அவரும் எழுதிக் குடுத்திருக்கார். இப்ப எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல பெரிய சண்டை. கவர்மெண்ட் சும்மா குடுக்குற மாத்திரைல மருந்தே இருக்காது, வெறும் சுண்ணாம்புங்கறார் மாமா. இருமல் மருந்து விவகாரத்துக்கு அப்புறம் எனக்கும் ஜெனரிக்னாலே, அதான் கம்பெனி வச்ச பேர் இல்லாம மருந்தோட பேர்லயே வர்ற மாத்திரைன்னாலே, பயமா இருக்கு. என் தம்பி எல்லாத்தையும் நிறுத்திட்டு சித்தாவுக்குப் போலாம்ங்கறான். 70 வயசுக்கு மேல அஞ்சு லட்சம் இன்சூரன்ஸ் கார்டு தர்றாங்களே, அது வாங்கலாமா? அம்மாவுக்கு இப்ப பிரஷர் மாத்திரை ரெண்டு, சுகருக்கு ஒண்ணு, அப்புறம் ஒரு சின்ன மஞ்ச மாத்திரை போயிட்டிருக்கு. கொஞ்ச நாளா கால் வீங்குது, ராத்திரில தலை சுத்துதுங்கறாங்க, வயசானா அப்படித்தான்னு விட்டுட்டோம். நீங்களும் அந்த வயசுல இருக்கறவங்க. ஜெனரிக்கா, பிராண்டா? உங்க அபிப்பிராயம் சொல்லுங்க.

பேர் போட வேண்டாம்.

*

தம்பி,

கடிதத்த ரெண்டு தரம் படிச்சேன். மூணாவது தரம் கையில பென்சில வச்சுக்கிட்டுப் படிச்சேன், ஒரு விஷயத்தத் தேடி. மாமா சொன்னது இருக்கு, தம்பி சொன்னது இருக்கு, வாட்ஸ்அப்ல வந்தது இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. ஆனா அம்மா வாயில போட்டுக்கற மாத்திரை ஒண்ணோட பேரு கூட இல்ல. பிரஷர் மாத்திரை ரெண்டு, சுகருக்கு ஒண்ணு, ஒரு சின்ன மஞ்ச மாத்திரை. ஏம்ப்பா, உங்க பைக்குக்கு என்ன ஆயில் ஊத்துறதுன்னு கேட்டா நம்பரோட சொல்லுவீங்கல்ல?

கோவிச்சுக்காதீங்க. இதே தப்ப நான் 2022ல பண்ணேன். அதனாலதான் வந்து கெடக்குற மத்த கடிதத்தையெல்லாம் ஓரமா தள்ளி வச்சுட்டு இதுக்கு எழுதுறேன். ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த விஷயம், நீங்களா வந்து கதவத் தட்டிட்டீங்க.

சில்லறைய முதல்ல முடிச்சுடறேன். இன்சூரன்ஸ் கார்டு, வாங்கி வைங்க. 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 70 தாண்டிட்டா ஏழை பணக்காரன்னு பாக்கறதில்ல, குடும்பத்துக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும். ஆனா அது ஆஸ்பத்திரில படுத்தாத்தான், தினம் காலைல போடுற மாத்திரைக்கு அதுல ஒண்ணும் வராது, உங்க பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில அந்தக் கார்ட எடுத்துக்கறாங்கன்னு முதல்ல கேட்டுக்குங்க. அவ்ளோதான் அதுல இருக்குறது. சித்தா விஷயம், உங்க தம்பி நல்ல சித்த மருத்துவரப் பாக்கட்டும், பாண்டில கடலூர்ல கவர்மெண்ட்லயே இருக்காங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது, நானே நிலவேம்பு குடிச்சவதான். ஆனா 'எல்லாத்தையும் நிறுத்திட்டு'ன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்க பாருங்க, அத யாரு சொன்னாலும் கிட்ட சேக்காதீங்க. பிரஷர் மாத்திரைய திடீர்னு நிறுத்துறது சீரியல் புடிக்கலன்னு டிவிய நிறுத்துற மாதிரி கெடையாது.

இருமல் மருந்து. அத நெனச்சா எனக்கும் வயிறு கலங்குது. 2025 செப்டம்பர், அக்டோபர்ல, நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரிச்ச சிரப்ப மத்தியப் பிரதேசத்துல சிந்துவாடா பக்கம் குழந்தைங்களுக்குக் குடுத்து இருபது புள்ளைங்களுக்கு மேல கிட்னி போயி செத்துப் போச்சுங்க. நம்ம அரசு லேப்ல டெஸ்ட் பண்ணிப் பாத்தா டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். பாதி பாட்டில் விஷம். இதே விஷம்தான் 1937ல அமெரிக்காவுல நூறு பேருக்கு மேல கொன்னது, அதுக்கப்புறம்தான் அங்க மருந்துச் சட்டத்தையே மாத்துனாங்க, நாம இன்னும் அதே பாட்டில்லயே நிக்கறோம். சரி, ஆனா அதுக்கும் ஜெனரிக்குக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லுங்க பாப்போம். அது பேரு வச்சு லேபிள் ஒட்டி டாக்டரு சீட்டு எழுதிக் குடுத்து கடைல காசு குடுத்து வாங்குன பிராண்டு. பயம் வந்தா அது தயாரிச்ச எடத்து மேல, சோதிக்காம விட்டவங்க மேல வரணும். நீங்க என்னடான்னா பயத்தத் தூக்கிட்டுப் போயி உங்க வீட்டுக்கு வெயில்ல நடந்து வர்ற அந்த அக்கா பை மேல போடுறீங்க.

உங்க மாமாகிட்ட ஒண்ணு சொல்லுங்க. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணு 1995லருந்து வேலை செய்யுது. மொத்தமா டெண்டர் விட்டு வாங்கி, வர்ற பேட்ச்ல சாம்பிள் எடுத்து, லேப்ல தேறுனப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. கேரளாக்காரங்க, ராஜஸ்தான்காரங்கல்லாம் இதப் பாத்துத்தான் அவங்க ஊர்ல ஆரம்பிச்சாங்க. தப்பே நடக்காதுன்னு நான் சத்தியம் பண்ணல. மத்திய அரசு மாசா மாசம் தரம் இல்லாத மருந்து லிஸ்ட் போடுது, அதுல பெரிய பேரும் வருது சின்ன பேரும் வருது. சும்மா குடுத்தா சுண்ணாம்புங்கறது மாமாவோட மனசுல இருக்குற கணக்கு. ரேஷன் அரிசியும் அவருக்கு அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன், எங்க வீட்லயும் அப்படி ஒருத்தர் இருந்தார், அவரே மழை வெள்ளத்துல ரேஷன் அரிசி பொங்கித் தின்னுட்டு நல்லாருக்குன்னார், அது வேற கதை.

ஜெனரிக்கா பிராண்டாங்கறதுதான நீங்க கேட்டது? 2023 ஆகஸ்ட்ல தேசிய மருத்துவ ஆணையம் டாக்டருங்க எல்லாரும் ஜெனரிக் பேர்தான் எழுதணும்னு விதி கொண்டாந்தாங்க. டாக்டருங்க சங்கம் முதல்ல தரத்த உறுதி பண்ணுங்க அப்புறம் பேசலாம்னு சண்டைக்கு வந்துச்சு. மூணு வாரத்துல விதிய நிறுத்தி வச்சாச்சு. ரெண்டு பக்கமும் பாதிப் பாதி நியாயம் இருக்கு. இது புதுச் சண்டையும் இல்ல, 1975லயே மத்திய அரசு போட்ட ஹாத்தி கமிட்டி பிராண்டு பேர கொஞ்சம் கொஞ்சமா ஒழிங்கன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ட்ரங்க் கால் போர்டுல உக்காந்த புதுசு அப்போ. அம்பது வருஷமா இந்த ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டே இருக்காங்க, நடுவுல உக்காந்திருக்கற கெழவிக்கு தான் முழுங்கறது என்னன்னு ரெண்டு பேருமே சொல்லல. எனக்கு இருக்குற கோவம் அதுல.

இப்ப எங்க அக்கா கதைக்கு வர்றேன். என்னை விட ஆறு வயசு பெரியவ. கடலூர் முதுநகர்ல இருக்கா, ஓல்டு டவுன், நாங்கல்லாம் ஓ.டி.ன்னுதான் சொல்லுவோம். நான் பாண்டி முத்தியால்பேட்டைல. பஸ்ல ஒரு மணி நேரம் சொச்சம். 2022 ஆரம்பத்துல மக்களைத் தேடி மருத்துவத்துல அவளுக்கு மாத்திரை வர ஆரம்பிச்சுது, அம்லோடிபின் 5 மில்லிகிராம், பொடியா வெள்ளையா இருக்கும். அதுக்கு முன்னாடியே எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர், கூட்டிட்டுப் போயி ஒரு பிரைவேட் டாக்டர்கிட்ட காட்டி, அவரு ஒரு பிரஷர் மாத்திரை எழுதியிருந்தார். அக்கா ரெண்டையும் சாப்பிட்டா. ஒண்ணு கவர்மெண்ட் பிரஷர் மாத்திரை, இன்னொண்ணு டாக்டர் பிரஷர் மாத்திரை. பாவம் அந்தப் பொண்ணு மெனக்கெட்டு வீடு தேடி வந்து குடுக்குது, சாப்பிடாம வச்சா மனசு கஷ்டப்படாதான்னு என்கிட்டயே கேட்டா. விருந்துக்குக் கூப்ட்ட ரெண்டு வீட்லயும் கை நனைக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் மரியாத பண்ணிட்டா.

ரெண்டு மூணு மாசத்துல கால் வீங்க ஆரம்பிச்சுது. முதல்ல செருப்பு பத்தல, அப்புறம் சாயங்காலமானா கணுக்கால்ல விரல் வச்சு அழுத்துனா பள்ளம் அப்படியே நிக்கும். ஒரு நாள் மெட்டி எறங்கல. வெரலு மெட்டிக்கு ரெண்டு பக்கமும் பிதுங்கி நீலம் பாரிச்சுக் கெடக்கு. சோப்பு போட்டுப் பாத்தோம், தேங்காண்ண போட்டுப் பாத்தோம், நூலச் சுத்தி இழுத்துப் பாத்தோம். கடைசில பத்தர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். அவரு சின்ன ரம்பம் மாதிரி ஒண்ண எடுத்து, அடியில ஒரு வெத்தலைய மடிச்சுச் சொருகி வச்சுட்டு, கரகரன்னு அறுத்தாரு. மாமா இருக்கும்போதே மெட்டிய அறுக்குறாங்களேன்னு அக்கா அந்தத் திண்ணைல உக்காந்து அழுத அழுகை இருக்கே. மாமா வாசல்லயே நின்னாரு, உள்ள வரல. நான் அக்கா தோளப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னேன் தெரியுமா தம்பி? "வயசானா அப்படித்தான்க்கா"ன்னு சொன்னேன்.

உங்க கடிதத்துல அதே வரி இருக்கு. எழுத்து மாறாம.

அதுக்கப்புறம் அக்கா பக்கத்துல வேற ஒருத்தர்கிட்ட கால காட்டினா. அவரு பாத்துட்டு நீர் பிரியறதுக்கு மாத்திரை குடுத்தாரு. தப்பு சொல்ல முடியாது, வீங்குன கால காட்டுனா யாரும் அதத்தான் யோசிப்பாங்க, வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டதுக்கு அக்கா "பிரஷர் மாத்திரைங்க"ன்னா. அவரும் எழுதிக்கிட்டாரு. ராத்திரி நாலு தரம் அஞ்சு தரம் எந்திரிச்சுப் போக ஆரம்பிச்சா. தலை சுத்தல். பேச்சுல ஒரு மாதிரி மந்தம். ஒரு நாள் போன்ல என்னை "அம்மா"ன்னு கூப்ட்டா, எங்கம்மா செத்து முப்பது வருஷம் ஆச்சு. நான் தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். ரெண்டு நாள் கழிச்சு விடியக்காலம் மூணு மணிக்கு பாத்ரூம் வாசப்படில விழுந்துட்டா. இடுப்பு எலும்பு.

ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தா சோடியம், அதான் உப்பு, 119. 135க்கு மேல இருக்கணுமாம். ஆபரேஷனே ரெண்டு நாள் தள்ளிப் போச்சு அதனால. அங்க ஒரு பயிற்சி டாக்டர் பொண்ணு, மிஞ்சிப் போனா இருபத்தி மூணு இருபத்தி நாலு வயசு இருக்கும், பாட்டி சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கொண்டாங்கன்னுச்சு. நான் அக்கா வீட்டுக்கு ஓடி பட்டர் பிஸ்கட் டப்பாவ அப்படியே தூக்கிட்டு வந்தேன். அந்தப் பொண்ணு டப்பாவ கட்டில் மேல கவுத்துச்சு. கொட்டுனது பூரா வெட்டுன துண்டு. மெடிக்கல்ல நாம பத்து நாளைக்கு மட்டும் குடுங்கம்போம், அவன் அட்டைய கத்திரியால வெட்டிக் குடுப்பான், பேரு போட்ட பக்கம் ஒருத்தருக்குப் போகும், தேதி போட்ட பக்கம் இன்னொருத்தருக்குப் போகும், நமக்கு வர்றது நடுத்துண்டு, வெறும் வெள்ளிக் காயிதம். அந்தப் பொண்ணு மூணு சீட்டு ஆடுற மாதிரி துண்டையெல்லாம் பரப்பி, ஒண்ணோட ஒண்ணு பொருத்தி, செல்போன் டார்ச் அடிச்சுப் படிச்சுது. அஞ்சு துண்டுக்கு கடைசி வரைக்கும் பேரே கண்டுபிடிக்க முடியல.

அப்புறம் என்னைப் பாத்து, "ஆத்தா, இதுலயும் அம்லோடிபின் இருக்கு, இதுலயும் அம்லோடிபின் இருக்கு"ன்னுச்சு. பிரைவேட்ல எழுதுனது கூட்டு மாத்திரை, டெல்மிசார்ட்டன் 40, அதுக்குள்ளயே அம்லோடிபின் 5. பேருக்குப் பின்னால ஏஎம்னு ரெண்டு எழுத்து ஒட்டிக்கிட்டு இருந்தா அதுக்கு அர்த்தம் அதுதானாம். ஹெச்னு இருந்தா நீர் மாத்திரை சேந்தது. நாங்க அத கம்பெனிக்காரனோட இனிஷியல்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். அம்லோடிபின் ரத்தக் குழாய விரிச்சு விடும், அதுலதான் பிரஷர் எறங்குது, ஆனா அளவு கூடிப் போனா விரிஞ்ச குழாய்லருந்து தண்ணி கசிஞ்சு கணுக்கால்ல எறங்கி நிக்கும். ஒடம்புல தண்ணி ஜாஸ்தியாகி வந்த வீக்கம் இல்ல அது. அதனால நீர் மாத்திரை போட்டா வீக்கம் வடியாது, உள்ள இருக்குற உப்புதான் போகும். உப்பு எறங்குனா தலை சுத்தும், புத்தி கலங்கும், வயசானவங்க விழுவாங்க. ஒரு மாத்திரை ரெண்டு பேர்ல வந்து, அதால வந்த வீக்கத்துக்கு ஒரு மாத்திரை வந்து, அந்த மாத்திரையால இடுப்பு ஒடைஞ்சுது. அந்தப் பொண்ணு இதையெல்லாம் ஒரு பழைய ரிப்போர்ட் கவருக்குப் பின்னால படம் போட்டு எனக்குப் புரிய வச்சுது. அந்தக் கவர இன்னும் வச்சிருக்கேன்.

மூணு டாக்டர்ல யாரத் திட்டுறது? நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், மூணு பேருமே நல்ல டாக்டருங்கதான். கவர்மெண்ட் மாத்திரை சுண்ணாம்பா இருந்திருந்தா அக்கா விழுந்திருக்கவே மாட்டா, உங்க மாமாகிட்ட இதச் சொல்லுங்க. அது அசல் மருந்தா இருந்ததுதான் வம்பே.

நம்ம ஆளுங்க ஏன் மாத்திரை பேரு கேக்கறதில்லன்னு நான் யோசிச்சதுண்டு. எனக்கு என்ன தோணுதுன்னா, இது மிக்சர் பாட்டில் காலத்துப் பழக்கம். நான் சின்னப் புள்ளைல அம்மாவோட மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்குப் போவேன். பாட்டில் நாமதான் கொண்டு போகணும், கழுத்துல சணல் கட்டி, மூடிக்குப் பதிலா காயிதத்தச் சுருட்டி அடைச்சு. கம்பவுண்டர் பெரிய ஜாடிலருந்து செகப்பா ஒண்ண ஊத்துவாரு. பாட்டில் பக்கவாட்டுல ஒரு காயிதப் பட்டைய ஓரத்துல பல்லு பல்லா வெட்டி ஒட்டுவாரு, ஒரு பல்லுக்கு ஒரு வேளை. "கலக்கிக் குடி"ம்பாரு. என்ன மருந்துன்னு கேட்டா, "ஏன், நீ கம்பவுண்டராவப் போறியா"ம்பாரு. அம்மாவுக்கு செகப்பு மருந்து, பக்கத்து வீட்டுக்கு ரோஸ் மருந்து. அந்தக் கலர் கணக்குதான் இன்னும் ஓடுது. ஆனா அப்ப ஒரே ஜாடி, ஒரே கம்பவுண்டர், யாருக்கு என்ன ஊத்துனோம்னு அவருக்குத் தெரியும். இப்ப நாலு எடத்துலருந்து வருது, போன மாசம் வெள்ளையா வந்தது இந்த மாசம் வேற கம்பெனி டெண்டர் எடுத்து மஞ்சளா வருது, கலர நம்புனா என்னத்துக்கு ஆவறது?

எங்க தெருவுல ஒரு அம்மா இருக்காங்க, அவங்க மாமனார் சொல்தா, அதான் பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர், பிரெஞ்சு பென்ஷன் வாங்குனவர், புள்ளை பாரிஸ்ல. வரும்போதெல்லாம் டோலிப்ரான் மாத்திரை பெட்டி பெட்டியா கொண்டாருவான். முத்தியால்பேட்டைல பாதி வீட்டு பிரிட்ஜ்ல அது இருக்கும், கல்யாணத்துக்குக் கூட சீர் மாதிரி குடுப்பாங்க போல. 2024ல அந்தக் கம்பெனிய அமெரிக்காக்காரனுக்கு விக்கறதுக்கு பிரான்ஸ்ல பெரிய ரகளை நடந்துச்சு, இவங்க இங்க திண்ணைல உக்காந்துக்கிட்டு என்னமோ வீட்டுப் பத்திரத்த வித்த மாதிரி கவலைப்பட்டாங்க. போன மழைக்காலம் அவங்களுக்கு ஜுரம். டோலிப்ரான் ஒரு கிராம் மூணு வேளை. ஜுரம் விடலன்னு நம்ம மெடிக்கல்ல டோலோ 650 வாங்கி அதையும் மூணு வேளை. ரெண்டுமே பாராசிட்டமால்! நான் கணக்குப் போட்டேன், ஒரு நாளைக்கு அஞ்சு கிராமுக்குக் கிட்ட வருது, நாலத் தாண்டக் கூடாதுங்கறாங்க, ஒல்லியா வயசானவங்களுக்கு அதுக்கும் கீழ, தாண்டுனா ஈரல் போயிடும். நான் சொன்னதுக்கு, "அது பிரான்ஸ் மாத்திரை, இது நம்ம ஊரு மாத்திரை, ரெண்டும் எப்படி ஒண்ணாவும்"னு என்னையே கேக்கறாங்க. நல்லவேளை, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டோம்.

இதுல இன்னொரு கோவம் இருக்கு, அதையும் எழுதிடறேன், யாரு திட்டுனாலும் பரவால்ல. 2022ல ஜிப்மர் ஆஸ்பத்திரில இந்தில எழுதணும்னு சுற்றறிக்கை வந்தப்ப, மே மாசம் கோரிமேட்டுல கொடி புடிச்சாங்க, சரியான கோவம், நானும் அது சரிதான்னு எழுதுனேன். ஆனா மாத்திரை அட்டைல தமிழ்ல பேரு போடுங்கன்னு எந்தக் கட்சியாவது எந்தக் கேட்டு முன்னாலயாவது நின்னு நான் பாத்ததில்ல. பால் பாக்கெட்டுல தமிழ் இருக்கு, மூக்குப்பொடி மட்டைல தமிழ் இருக்கு, பூச்சி மருந்து டப்பால கூட இருக்கு. கடலூர்க் கெழவி தெனம் வாயில போட்டுக்கற மாத்திரைல இல்ல. ஜெனரிக் பேர பிராண்டு பேர விடப் பெருசா போடணும்னு 2018ல விதி கொண்டாந்தாங்க, நல்ல விதிதான், அது எந்த எழுத்துல? 2023 ஆகஸ்ட்லருந்து பெரிய பிராண்டு 300க்கு க்யூஆர் கோடு ஒட்டியிருக்காங்க. எங்க அக்காகிட்ட இருக்குறது பட்டன் போன். டாக்டர் எழுத்து புரியற மாதிரி இருக்கறது நோயாளியோட உரிமைன்னு பஞ்சாப் ஹரியானா ஹைகோர்ட் 2025 ஆகஸ்ட்ல சொல்லிச்சு, நீதிபதிக்கே ஒரு மெடிக்கல் ரிப்போர்ட்ட படிக்க முடியலையாம். நீதிபதிக்குப் படிக்க முடியலன்னா தீர்ப்பு வருது, எங்க அக்காவுக்குப் படிக்க முடியலன்னா இடுப்பு போகுது.

சரி, சரி. மூச்சு வாங்குது. டீ குடிச்சுட்டு வந்து மிச்சத்த எழுதுறேன்.

அக்கா இப்ப நல்லா இருக்கா. வாக்கர் வச்சுக்கிட்டு கொல்லைப்புறம் வரைக்கும் போறா, முருங்கக்கீரை ஆயறா, மருமகளத் திட்டறா. நான் கடலூர் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்தவன்னு உங்களுக்குத் தெரியும், முன்ன எழுதியிருக்கேன். ட்ரங்க் கால்ல பேரு புரியலன்னா ஊர் பேரச் சொல்லித்தான் எழுத்துக் கூட்டுவோம். அக்கா எட்டாவது வரைக்கும் படிச்சவ, ஏபிசிடி தெரியும். ஆஸ்பத்திரிலருந்து வந்த மறுவாரம் ராத்திரி எட்டு மணிக்கு போன் போட்டு நாப்பது பக்க நோட்டு ஒண்ண எடுத்து வச்சுக்கச் சொன்னேன். ஏ ஃபார் ஆக்ரா, எம் ஃபார் மெட்ராஸ், எல் ஃபார் லக்னோ, ஓ ஃபார் ஊட்டி, டி ஃபார் டெல்லி, ஐ ஃபார் இந்தியா, பி ஃபார் பூனான்னு சொல்லிக்கிட்டே போறேன், அந்தப் பக்கம் "ஏண்டி, ஒரு மாத்திரைக்குள்ள இத்தனை ஊரா"ன்னா. பக்கத்துலயே தமிழ்லயும் எழுதச் சொன்னேன். அம்லோ தீபன்னு எழுதி வச்சிருக்கா, எதிர்வீட்டுப் பையன் பேரு மாதிரி. டெல்மிசார்ட்டன் அவளுக்கு டெல்மி சார். "டெல்மி சார் இன்னும் ஆறு நாளைக்குத்தான் இருக்காரு, அனுப்பி வை"ம்பா. அந்த நீர் மாத்திரை, ஹைட்ரோகுளோரோதயாசைடு, அத எழுத மாட்டேன்னுட்டா, டாக்டரும் நிறுத்திட்டாரு, ரெண்டு பேருக்கும் நிம்மதி. இப்ப அவ எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல நோட்டத்தான் நீட்டுறா. ஒருத்தரு சிரிச்சாராம். இன்னொருத்தரு நோட்ட வாங்கிப் பாத்துட்டு ஒரு மாத்திரைய அடிச்சாராம்.

நீங்க என்ன கேட்டீங்க, ஜெனரிக்கா பிராண்டா. நான் ரெண்டும் சாப்பிடறேன் தம்பி. எனக்கு பிரஷருக்கு ஜெனரிக் கடை மாத்திரை, தைராய்டுக்கு மட்டும் ஒரே கம்பெனில போடுறேன், டாக்டர் மாத்தாதீங்கன்னார், மாத்தல. அவ்ளோதான் என் அபிப்பிராயம், இதுக்கு மேல அதுல எனக்கு ஆர்வம் இல்ல.

அம்மாவுக்கு இப்பவே போன் போடுங்க. சனிக்கிழமை ஊருக்குப் போயி பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. கால் வீக்கம், தலை சுத்தல், ரெண்டும் சேந்து வருதுன்னா இந்த வாரமே யாராவது கூட்டிட்டுப் போகணும், பக்கத்து வீட்டு ஆளோ, மாத்திரை கொண்டு வர்ற அந்த அக்காவே வரேன்னாலும் சரி. எங்க அக்காவுக்கு வந்ததேதான் உங்க அம்மாவுக்கும்னு நான் சொல்லல, வீக்கத்துக்கு இருதயம் கிட்னி ஈரல்னு நூறு காரணம் இருக்கும், தலை சுத்தல் சுகர் ரொம்ப எறங்குறதாலயும் வரும், அத டாக்டருதான் பாக்கணும். நான் சொன்னேன்னு நீங்களா எதையும் நிறுத்தித் தொலைக்காதீங்க. ராத்திரி பாத்ரூம் லைட்ட எரிய விடச் சொல்லுங்க, கரண்ட் பில்லு நான் வேணா குடுக்கறேன்.

டாக்டர்கிட்ட போகும்போது டப்பாவ அப்படியே எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. வெட்டுன துண்டு, காலி அட்டை, போன வருஷத்துது, மாமா குடுத்த சத்து மாத்திரை, ஒண்ணையும் பொறுக்கி எடுத்து வச்சுக்க வேண்டாம், அம்மாங்க டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி டப்பாவ சுத்தம் பண்ணி அழகா அடுக்கி வப்பாங்க, அதத் தடுங்க. அப்புறம் நீங்க ஊருக்குப் போனதும் திண்ணைல ஒரு பேப்பர விரிச்சு எல்லாத்தையும் கொட்டி, அம்மாவ பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா பேரு, எத்தன மில்லிகிராம், யாரு குடுத்தது, எப்பலருந்து, தமிழ்ல எழுதுங்க. பேரு இல்லாத துண்டெல்லாம் தனியா ஒரு கவர்ல போடுங்க. மெடிக்கல்ல அட்டைய வெட்டுனா, பேரு இருக்குற பக்கத்தக் குடுங்கன்னு சண்டை போடுங்க, நான் போடுறேன், எங்க தெரு மெடிக்கல் பையன் என்னப் பாத்தாலே முழு அட்டையா எடுத்து வச்சுடறான்.

எழுதுன அந்தப் பக்கத்த ஒரு போட்டோ புடிச்சு எனக்கு அனுப்புங்க. சித்தா, சுண்ணாம்பு, இன்சூரன்ஸ் எதப் பத்தியும் இனிமே எழுத வேண்டாம். அந்தச் சின்ன மஞ்ச மாத்திரை என்னன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும், பத்து நாளா அதுவே மண்டைக்குள்ள உருண்டுக்கிட்டு இருக்கு.